விஎம்-இல் (மெய்நிகர் கணினியில்) 3டி டிக் செய்தும் எல்எல்விஎம்பைப் தான் வருகிறது, எங்கே அடைபடுகிறது?

நீலத்தும்பி:
ஹோஸ்ட் (விஎம்மை ஓட்டும் உண்மைக் கணினி) விண்டோஸ் 11. லேப்டாப்பில் இன்டெல் உள்ளமை கிராபிக்ஸும் என்விடியா தனிக் கார்டும் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் 7.0. கெஸ்ட் (விஎம்-க்குள் ஓடுவது) உபுண்டு 24.04, 8 ஜிபி ரேம், 4 கோர், வீடியோ மெமரி 128 எம்பி. டிஸ்ப்ளே பக்கத்தில் 3டி ஆக்சிலரேஷன் டிக் செய்தாகிவிட்டது, கெஸ்டுக்குள் நிறுவும் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸும் போட்டாகிவிட்டது. ஆனால் வரைகலை விவரம் காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டினால் ரெண்டரர் (படத்தை வரைவது எது) என்ற வரியில் எல்எல்விஎம்பைப் என்றே வருகிறது. பிளெண்டர் 4 திறக்கிறது. ஆனால் அந்த 3டி மாடலிங் செயலியில் ஒரு கனசதுரத்தைச் சுழற்றினாலே நாலு கோரும் 100 சதவீதத்துக்குப் போகின்றன. 3டி வரைகலை இடைமுகமான ஓபன்ஜிஎல்-இன் பதிப்பு 4.5 என்று காட்டுவதால் 3டி வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? எதைப் பார்க்க வேண்டும்?

வேர்முனை:
பதிப்பு எண்ணை வைத்து முடிவு கட்ட வேண்டாம். எல்எல்விஎம்பைப் என்பது மெசாவின் (லினக்ஸின் திறந்தமூல வரைகலை நூலகத்தின்) மென்பொருள் ரெண்டரர். முக்கோணங்களைச் சிபியுவே வரைகிறது, ஜிபியு பக்கம் எதுவும் போகவில்லை. மென்பொருளில் எந்த வசதியையும் எழுதிவிடலாம் என்பதால் அது தாராளமாக 4.5 என்று காட்டும். 3டி உண்மையிலேயே ஓடும்போது உங்களுக்குக் கிடைக்கும் எண் இதைவிடக் குறைவாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. முதலில் பார்க்க வேண்டியது ரெண்டரர் பெயர். விர்ச்சுவல்பாக்ஸிலும் விஎம்வேரிலும் லினக்ஸ் கெஸ்ட் என்றால் எஸ்விஜிஏ3டி என்று வர வேண்டும். லினக்ஸ் கெர்னலின் சொந்த விஎம் வசதியான கேவிஎம்-இல் விர்ஜிஎல் என்று வர வேண்டும்.

வரைபடக் கட்டளை போகும் வழி இதுதான்: செயலி, அடுத்து கெஸ்டுக்குள் இருக்கும் மெசா, அடுத்து கெர்னலில் விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ் டிரைவர், அடுத்து மெய்நிகர் கார்டு, அடுத்து ஹோஸ்டில் ஓடும் விர்ச்சுவல்பாக்ஸ் புராசஸ். அது விண்டோஸ் ஹோஸ்டில் டைரக்ட்எக்ஸ் 11-ஆக மாற்றி உண்மையான ஜிபியுவுக்கு அனுப்பும். லினக்ஸ், மேக் ஹோஸ்டில், டைரக்ட்எக்ஸை வல்கன் என்ற வரைகலை இடைமுகத்துக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே வழியாகப் போகும். 7.0-இல் வந்த மாற்றம் இது. நடுவில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மெசா பிழைச்செய்தி எதுவும் காட்டாது, சத்தமில்லாமல் எல்எல்விஎம்பைப்புக்கு இறங்கிவிடும். அதனால்தான் பெட்டியில் டிக் இருந்தும் ஒன்றும் நடக்காதது போலத் தெரிகிறது.

மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். கிராபிக்ஸ் கண்ட்ரோலர் எது? கெஸ்டில் சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டினால் விஜிஏ வரியில் என்ன வருகிறது? ப்ராக் அடைவில், பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுத்த சொற்கள் உள்ள சிஎம்டிலைன் கோப்பில் என்ன இருக்கிறது?

நீலத்தும்பி:
கண்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ. எல்எஸ்பிசிஐ-இல் விஎம்வேர் எஸ்விஜிஏ 2 அடாப்டர் என்று வருகிறது. நான் விஎம்வேர் போடவே இல்லையே? சிஎம்டிலைனில் கடைசியாக க்வையட், ஸ்ப்ளாஷ், நோமோட்செட் என்று இருக்கிறது.

வேர்முனை:
விஎம்வேர் பெயர் வருவது சரிதான். விஎம்எஸ்விஜிஏ என்பது விஎம்வேரின் மெய்நிகர் கார்டைப் போலவே நடந்துகொள்ளும் கண்ட்ரோலர். அதனால் லினக்ஸ் கெர்னலில் ஏற்கெனவே இருக்கும் விஎம்வேர் டிரைவர் அதைப் பிடித்துக்கொள்கிறது. கெர்னல் பதிவான டிமெஸ்ஜி-இல் அந்த டிரைவர், ஆதரிக்கப்படாத ஹைப்பர்வைசரில் (விஎம் ஓட்டும் மென்பொருளில்) ஓடுவது போலத் தெரிகிறது என்று ஒரு வரி எழுதலாம். அதையும் பொருட்படுத்த வேண்டாம்.

கோளாறு நோமோட்செட்-இல் இருக்கிறது, கெர்னல் தன் வரைகலை டிரைவரைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லும் சொல் அது. நிறுவும்போது பாதுகாப்பான கிராபிக்ஸ் என்ற தேர்வை எடுத்திருந்தால் அந்தச் சொல் நிறுவிய பிறகும், கணினியைத் தொடக்கும் க்ரப்பின் அமைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது இருக்கும்வரை விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ் டிரைவர் ஏறவே ஏறாது.

இடிசி அடைவில் டிஃபால்ட், அதற்குள் க்ரப் என்ற கோப்பை நிர்வாகி உரிமையோடு திறந்து, சிஎம்டிலைன் லினக்ஸ் டிஃபால்ட் வரியிலிருந்து நோமோட்செட்-ஐ மட்டும் எடுத்துவிடுங்கள். க்வையட், ஸ்ப்ளாஷ் இருக்கட்டும். பிறகு அப்டேட்-க்ரப் ஓட்டி ரீபூட். ஒருவேளை கறுப்புத் திரையில் நின்றால் பயப்பட வேண்டாம். பூட் ஆகும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையில் க்ரப் பட்டியலை வரவழைத்து, ஈ (e) விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட்-ஐத் தட்டினால் அந்த ஒரு முறை மட்டும் பழையபடி உள்ளே வரலாம்.

இன்னொன்று. லினக்ஸ் கெஸ்டில் விபாக்ஸ்எஸ்விஜிஏ கண்ட்ரோலரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதன் அடையாள எண்ணைப் பார்த்து விபாக்ஸ்வீடியோ டிரைவர் ஏறிக்கொள்ளும், அதில் 3டி கிடையாது. அது விண்டோஸ் கெஸ்டுக்கு உரியது. பழைய விபாக்ஸ்விஜிஏ-இல் இருந்த 3டி வழி 2019-இல் 6.1 வந்தபோதே நீக்கப்பட்டுவிட்டது. அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இப்போது உதவாது.

இடைமுகம்:
ஒரு திருத்தம், இது நிறைய பேருக்குக் குழப்பமா இருக்கு. லினக்ஸ் கெஸ்ட்ல 3டி வர கெஸ்ட் அடிஷன்ஸ் தேவையில்லைங்க. டிரைவர் கெர்னல்லயும் மெசாவுலயும் ஏற்கெனவே இருக்கு. அடிஷன்ஸ் திரை அளவு தானா மாறுறதுக்கும், கிளிப்போர்டுக்கும், ஷேர்டு ஃபோல்டருக்கும்தான். 3டி வரலேன்னு அடிஷன்ஸை அஞ்சு தடவை அழிச்சு மறுபடி போடுறதுல பலன் இல்ல.

விண்டோஸ் கெஸ்ட்ல நேர் எதிர். அங்க அடிஷன்ஸ் இல்லாம 3டி கிடையவே கிடையாது. டிவைஸ் மேனேஜர்ல மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்னு இருந்தா டிரைவர் ஏறலேன்னு அர்த்தம். விர்ச்சுவல்பாக்ஸ் கிராபிக்ஸ் அடாப்டர் டபிள்யூடிடிஎம்னு வரணும். அப்புறம் டிஎக்ஸ்டயாக் திறந்து டிஸ்ப்ளே தாவல்ல டைரக்ட்3டி ஆக்சிலரேஷன் எனேபிள்டுன்னு இருக்கான்னு பாருங்க.

கண்ட்ரோலரையும் 3டி டிக்கையும் மாத்தணும்னா விஎம் முழுசா ஷட்டவுன் ஆகியிருக்கணும். சேவ் ஸ்டேட்ல நிறுத்தி வச்சிருந்தா அந்த அமைப்பெல்லாம் சாம்பல் நிறத்துல தொட முடியாமத்தான் இருக்கும்.

நீலத்தும்பி:
நோமோட்செட்-ஐ எடுத்ததும் ரெண்டரர் எஸ்விஜிஏ3டி என்று மாறிவிட்டது. ஜன்னல்களை இழுப்பது வழுக்கிக்கொண்டு போகிறது, ஃப்ரீகேட் (3டி வடிவமைப்புச் செயலி) நன்றாகச் சுழல்கிறது. ஆனால் இப்போது ஓபன்ஜிஎல் 4.1 என்று வருகிறது, பிளெண்டர் திறக்கவே மறுக்கிறது. முன்பாவது மெதுவாகத் திறந்தது.

பின்னல்:
மெசா ஜிஎல் வெர்ஷன் ஓவர்ரைடு என்ற சூழல் மாறியை 4.3 என்று வைத்துப் பாருங்கள், பிளெண்டர் உள்ளே விட்டுவிடும்.

வேர்முனை:
அதைச் செய்ய வேண்டாம். அந்த மாறி வெளியே சொல்லும் எண்ணை மட்டும் மாற்றுகிறது, வசதி எதையும் கூட்டுவதில்லை. பிளெண்டர் 4.0 முதல் ஓபன்ஜிஎல் 4.3 கட்டாயம். பிளெண்டர் 3.6 வரை ஓபன்ஜிஎல் 3.3 போதும். ஓபன்ஜிஎல் 4.3-இல் வந்த கம்ப்யூட் ஷேடர், ஷேடர் ஸ்டோரேஜ் பஃபர் என்ற இரண்டு ஜிபியு வசதிகளையும் பிளெண்டர் நம்பி அழைக்கும்போது கீழே அவை இருக்காது. காட்சிப் பகுதியான வியூபோர்ட் கறுப்பாகும், அல்லது கோப்பு திறந்திருக்கும்போதே செயலி விழும். கோப்பு கெடும் வழி இது.

உங்கள் நிலையில் நேர்மையான வழி மூன்று. ஒன்று, பிளெண்டர் 3.6-ஐப் பயன்படுத்துவது. அது நீண்டகால ஆதரவுப் பதிப்பாக வந்தது, ஓபன்ஜிஎல் 4.1-இல் தாராளமாக ஓடும். இரண்டு, பிளெண்டர் 4 எப்போதாவதுதான் வேண்டும் என்றால் லிப்ஜிஎல் ஆல்வேஸ் சாஃப்ட்வேர் என்ற மாறியை 1 என்று வைத்து அந்தச் செயலியை மட்டும் சிபியுவில் ஓட்டலாம். மற்றவை எல்லாம் ஜிபியுவிலேயே இருக்கும். மூன்று, ஓபன்ஜிஎல் 4.3 தரும் ஹைப்பர்வைசருக்கு மாறுவது.

பின்னல்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். சின்னச் செயலிகள் பதிப்பு எண்ணை மட்டும் சரிபார்த்துவிட்டுப் பழைய வசதிகளையே பயன்படுத்தும்போது அந்த மாறி உதவும். பிளெண்டர் அந்த வகை இல்லை.

இடைமுகம்:
மூணாவது வழி விண்டோஸ் ஹோஸ்ட்ல விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் 17. 2024 நவம்பர்ல இருந்து எல்லாருக்கும் இலவசம். 16-இல ஓபன்ஜிஎல் 4.1, 17-இல 4.3. ஆனா 17 போட்டுட்டா மட்டும் 4.3 வராது, இங்கதான் பலர் சிக்கிக்கிறாங்க.

விஎம்மோட ஹார்டுவேர் கம்பாட்டிபிலிட்டி 20 ஆக இருக்கணும். பழைய விஎம்மைத் திறந்தா அது பழைய எண்லயே ஓடும். விஎம் மெனு, மேனேஜ், சேஞ்ச் ஹார்டுவேர் கம்பாட்டிபிலிட்டி போய் வொர்க்ஸ்டேஷன் 17-னு மாத்துங்க. மாத்துறதுக்கு முன்னாடி விஎம் ஃபோல்டரை முழுசா காப்பி எடுத்து வச்சுக்கங்க. லினக்ஸ் கெஸ்ட்ல கெர்னல் 5.16-க்கு மேல, மெசா 22-க்கு மேல வேணும். உபுண்டு 24.04-இல ரெண்டும் தாண்டியாச்சு, கவலை இல்ல. கடைசியா டிஸ்ப்ளேயில ஆக்சிலரேட் 3டி கிராபிக்ஸ் டிக் பண்ணி கிராபிக்ஸ் மெமரி கொடுங்க.

அந்த மெமரியை 8 ஜிபி வரைக்கும் ஏத்தலாம். அதுக்காக ஏத்தாதீங்க. அது கார்டோட மெமரி இல்ல, ஹோஸ்ட் ரேம்ல இருந்து போறது. 16 ஜிபி லேப்டாப்ல கெஸ்டுக்கு 8 கொடுத்துட்டு கிராபிக்ஸுக்கும் 8 கொடுத்தா ஹோஸ்ட் ரேம் பத்தாம வட்டைப் பயன்படுத்தி ஸ்வாப் அடிக்க ஆரம்பிச்சு, 3டி இல்லாதப்போ இருந்ததைவிட மெதுவாயிடும். 1 ஜிபில ஆரம்பிங்க. டெக்ஸ்சர் நிறைய உள்ள காட்சி திறக்கும்போது பத்தலேன்னா 2 ஆக்குங்க.

ஹோஸ்டில் 3டி ஆதரவு கிடைக்கவில்லைங்கிற செய்தி வந்தா கெஸ்டை நோண்டாதீங்க. ஹோஸ்டோட கிராபிக்ஸ் டிரைவர் சரியா இல்லேன்னு அர்த்தம்.

நீலத்தும்பி:
இரண்டு கார்டு இருக்கிறதே, விஎம் எதைப் பயன்படுத்துகிறது என்று எப்படி அறிவது?

இடைமுகம்:
விண்டோஸ் பெரும்பாலும் இன்டெலைத்தான் கொடுக்கும். மாத்த, செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் போய் நிரலைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் தேர்ந்தெடுங்க. எந்த நிரல்னு பார்த்துச் சேர்க்கணும். விர்ச்சுவல்பாக்ஸ்னு பேருள்ள ஈஎக்ஸ்ஈ-ஐச் சேர்த்தா எதுவும் மாறாது. அது மேனேஜர் ஜன்னல் மட்டும்தான். விஎம்மை உண்மையில ஓட்டுறது விர்ச்சுவல்பாக்ஸ்விஎம்னு பேருள்ள ஈஎக்ஸ்ஈ. விஎம்வேர்லயும் அதே கதை, விஎம்வேர்-விஎம்எக்ஸ்ங்கிற ஈஎக்ஸ்ஈ-ஐச் சேர்க்கணும்.

சேர்த்துட்டு விஎம்மை முழுசா நிறுத்தி ஏத்துங்க. டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு என்ஜின் பத்தியை வரவழைச்சு, கெஸ்ட்ல எதையாவது சுழற்றும்போது ஜிபியு 0-வா 1-ஆ எது நகருதுன்னு பாருங்க. விஎம்வேர்ல விஎம் ஃபோல்டர்ல இருக்கற லாக் கோப்புல டிஎக்ஸ்11ரெண்டரர்னு தேடினாலும் அடாப்டர் பேர் கிடைக்கும்.

அப்புறம் விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலோட கீழ் ஓரத்துல பச்சை ஆமை ஐகான் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா விண்டோஸோட சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி அடியில ஓடிட்டு இருக்கு, விர்ச்சுவல்பாக்ஸ் அது மேல ஏறி ஓடுது. 3டி வரும், ஆனா சிபியு பக்கம் தாமதம் கூடும். ஹைப்பர்-வி வசதியை அணைச்சும் ஆமை போகலேன்னா விண்டோஸ் செக்யூரிட்டில கோர் ஐசொலேஷனுக்கு உள்ள இருக்கற மெமரி இன்டெக்ரிட்டிதான் அதைப் பிடிச்சு வச்சிருக்கும். அது பாதுகாப்பு வசதி, அணைக்கறதுக்கு முன்னாடி யோசிங்க. ஹைப்பர்வைசரையே முழுசா அணைச்சா, விண்டோஸ்ல லினக்ஸை ஓட்டுற டபிள்யூஎஸ்எல் 2, அதை நம்பி ஓடுற டாக்கர் டெஸ்க்டாப் எல்லாம் நின்னுடும்ங்கிறதையும் மனசுல வச்சுக்கங்க.

உலோகச்சிறகு:
இவ்வளவு சுற்றுவதற்குப் பதிலாக ஜிபியு பாஸ்த்ரூ செய்துவிடலாமே? உண்மையான கார்டையே கெஸ்டுக்குக் கொடுத்தால் பதிப்புச் சண்டையே இல்லை. மேலே சொன்ன எல்லா வழியிலும் கெஸ்ட் பார்ப்பது ஒரு பாவனைக் கார்டு. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரை என்விடியாவின் கணிப்பு வழிகளான கூடாவிலோ (CUDA) ஆப்டிக்ஸிலோ ஓட்ட வேண்டும் என்றால் விர்ச்சுவல்பாக்ஸிலும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனிலும் வழியே இல்லை, அவை வரைகலை அழைப்புகளை மட்டும்தான் கடத்துகின்றன.

வேர்முனை:
கூடா பற்றிச் சொன்னது சரி. ஆனால் கேட்டவரின் ஹோஸ்ட் விண்டோஸ் 11, இரட்டைக் கார்டு லேப்டாப். அதற்கு இந்த ஆலோசனை பொருந்தாது. சாதனத்தை நேரடியாக விஎம்முக்குக் கொடுக்கும் விஎஃப்ஐஓ பாஸ்த்ரூ லினக்ஸ் ஹோஸ்டில் நடப்பது. மேலும் பல லேப்டாப்களில் தனிக் கார்டுக்குத் திரை இணைப்பே இருக்காது, அது வரைந்த படத்தை உள்ளமை கார்டு வழியாகத்தான் திரைக்கு அனுப்பும். டெஸ்க்டாப்பில் செய்வதாக இருந்தால் விவரமாக எழுதுங்கள், படிப்பவர்களுக்குப் பயன்படும்.

உலோகச்சிறகு:
எழுதுகிறேன். லினக்ஸ் ஹோஸ்ட், இரண்டு ஜிபியு (ஒன்று உள்ளமையாக இருக்கலாம்) என்று வைத்துக்கொள்வோம்.

பயோஸில், சாதனங்களின் மெமரி அணுகலைத் தனிப்படுத்தும் வசதியை (இன்டெல் என்றால் விடி-டி, ஏஎம்டி என்றால் ஐஓஎம்எம்யு) இயக்க வேண்டும். சிபியுவின் விஎம் வசதியான விடி-எக்ஸ் மட்டும் இருந்தால் விஎம் ஓடும், பாஸ்த்ரூ ஓடாது. இன்டெலில் கெர்னல் வரியில் இன்டெல் ஐஓஎம்எம்யு ஆன் என்ற அளவுருவும் வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியம்: ஐஓஎம்எம்யு குழுக்கள், அதாவது ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாத சாதனங்களின் தொகுதிகள். சிஸ் அடைவில் கெர்னலுக்குள் ஐஓஎம்எம்யு குரூப்ஸ் என்று இருக்கும். உங்கள் கார்டின் குழுவில் அந்தக் கார்டும் அதன் எச்டிஎம்ஐ ஆடியோவும் மட்டும் இருந்தால் நல்லது, இரண்டையும் சேர்த்தே கெஸ்டுக்குக் கொடுக்க வேண்டும். யுஎஸ்பி கண்ட்ரோலரோ வட்டுக் கண்ட்ரோலரோ அதே குழுவில் இருந்தால் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். ஏசிஎஸ் ஓவர்ரைடு என்ற கெர்னல் பேட்ச் போட்டால் குழு பிரிந்தது போலத் தெரியும், வன்பொருளில் தனிமை இருக்காது. கெஸ்டை நம்ப முடியாத இடத்தில் அதைப் போடக்கூடாது.

ஹோஸ்ட் டிரைவர் கார்டைப் பிடிப்பதற்கு முன்பே விஎஃப்ஐஓ-பிசிஐ பிடிக்க வேண்டும். எல்எஸ்பிசிஐ-இல் என்என்கே கொடியோடு பார்த்து, இரண்டு அடையாள எண்களையும் மோட்ப்ரோப் அமைப்பில் எழுதி, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்-ஐப் புதுப்பித்து ரீபூட் செய்யுங்கள். பிறகு அதே கட்டளையில் கெர்னல் டிரைவர் இன் யூஸ் என்ற வரியில் விஎஃப்ஐஓ-பிசிஐ இருக்க வேண்டும். என்விடியா கார்டுக்கான ஹோஸ்ட் டிரைவர்களான நூவோ அல்லது என்விடியா என்று வந்தால் வரிசை பிசகியிருக்கிறது. விஎம்மை க்யூ35 சிப்செட், ஓவிஎம்எஃப் (விஎம்-க்கான யுஇஎஃப்ஐ) ஃபர்ம்வேரோடு உருவாக்குங்கள். நிறுவிய பிறகு ஃபர்ம்வேரை மாற்றினால் பழைய நிறுவல் பூட் ஆகாது.

விண்டோஸ் கெஸ்டில் என்விடியா ஜீஃபோர்ஸ் என்றால் டிரைவர் ஓட மறுக்கும் கோட் 43 பிழை பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். 2021-இல் 465 வரிசை டிரைவரிலிருந்து விஎம்-இல் ஜீஃபோர்ஸை என்விடியாவே அனுமதிக்கிறது. கேவிஎம்-ஐ மறைக்கும் வரிகள் அதற்கு முந்தைய டிரைவருக்கு மட்டும்தான். ஏஎம்டியில் வேறு தொல்லை: போலாரிஸ், வேகா, நவி 10 கார்டுகளில் சில, விஎம்மை நிறுத்திய பிறகு ரீசெட் ஆகாது. மறுபடி ஓட்ட ஹோஸ்டையே ரீபூட் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு வெண்டர்-ரீசெட் என்ற கெர்னல் மாட்யூல் இருக்கிறது.

கெஸ்டுக்குக் கொடுத்த ரேம் முழுவதும் ஹோஸ்டில் பூட்டப்பட்டுவிடும். கார்டு நேரடியாக மெமரியைத் தொடுவதால் பக்கங்களை நகர்த்த முடியாது. 16 ஜிபி கொடுத்தால் விஎம் தொடங்கிய நொடியிலேயே 16 ஜிபியும் போய்விடும், கெஸ்டின் ரேமைத் தேவைக்கேற்பக் குறைக்கும் பலூனிங் உதவாது.

அலைவரி:
பாஸ்த்ரூ கெஸ்டின் திரையை ஹோஸ்டில் காட்டும் லுக்கிங் கிளாஸுக்குப் பகிர்வு மெமரி எத்தனை எம்பி வைக்க வேண்டும்? 32 என்று ஒரு இடத்திலும் 128 என்று ஒரு இடத்திலும் இருக்கிறது.

உலோகச்சிறகு:
திரை அளவைப் பொறுத்தது. அகலம் பெருக்கல் உயரம் பெருக்கல் 4 பைட், இரண்டு ஃபிரேம், அதை எம்பியாக்கி 10 கூட்டி, அடுத்த இரண்டின் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 1920×1080-க்கு 15.8 எம்பி, 10 கூட்டினால் 25.8, ஆக 32. 3840×2160-க்கு 63.3, கூட்டினால் 73.3, ஆக 128. எச்டிஆர் இல்லாத திரைக்கு இந்தக் கணக்கு. கார்டில் மானிட்டர் எதுவும் செருகவில்லை என்றால் கார்டு திரையையே உருவாக்காது, எச்டிஎம்ஐ டம்மி பிளக் ஒன்று செருகி வையுங்கள்.

அலைவரி:
நன்றி. என் ஹோஸ்ட் லினக்ஸ், இன்டெலும் என்விடியாவும் உண்டு. பாஸ்த்ரூ இப்போதைக்கு வேண்டாம், ஹோஸ்ட் ஜிபியுவைப் பகிரும் விர்ஜிஎல் போதும். கேவிஎம் விஎம்களை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரில் வீடியோவை விர்ட்-ஐஓ என்று வைத்து 3டி ஆக்சிலரேஷன் டிக் செய்தேன். விஎம் தொடங்கவே மறுக்கிறது. ஸ்பைஸ் (விஎம் திரையைக் காட்டும் நெறிமுறை) ஜிஎல் உள்ளூரில் மட்டும்தான், போர்ட்டோடு ஒத்துப்போகாது என்ற பொருளில் பிழை.

பின்னல்:
பிழை சொல்வதே விடை. விர்ஜிஎல்-இல் வரைந்த படம் ஜிபியு மெமரியிலேயே இருக்கும், அதன் கைப்பிடி மட்டும் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் பார்வை ஜன்னலுக்குப் போகும். பிணையப் போர்ட் வழியாக அதை அனுப்ப முடியாது. அதனால் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். டிஸ்ப்ளே ஸ்பைஸ் பக்கத்தில் லிசன் டைப்பை நன் ஆக்குங்கள். அதே பக்கத்தில் ஓபன்ஜிஎல் டிக் செய்யுங்கள். வீடியோ பக்கத்தில் 3டி டிக் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றை மட்டும் டிக் செய்தால் பிழை வரும் அல்லது எல்எல்விஎம்பைப் வரும்.

ஓபன்ஜிஎல் டிக் செய்ததும் ரெண்டர் நோட் (எந்தக் கார்டில் வரைவது) கேட்கும். அங்கே இன்டெலைத் தேர்ந்தெடுங்கள். ரெண்டர்டி128, ரெண்டர்டி129 என்ற எண்ணில் எது எந்தக் கார்டு என்பது கணினிக்குக் கணினி மாறும், டிஆர்ஐ அடைவில் பை-பாத் பார்த்து உறுதி செய்யுங்கள். என்விடியாவின் மூடிய டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் கறுப்புத் திரை வருவது அடிக்கடி பார்க்கும் புகார். இன்டெலும் ஏஎம்டியும் மெசாவில் ஓடுவதால் இந்த வேலைக்கு அவைதான் சீராக இருக்கின்றன.

அனுமதி மறுப்பு என்று வந்தால் விஎம்மை ஓட்டும் நிரலான க்யூஎமு ஓடும் பயனருக்கு ரெண்டர் குழு உரிமை இல்லை என்று பொருள். அந்தக் குழுவில் சேர்த்து விஎம் நிர்வாகச் சேவையான லிப்விர்ட்-ஐ மீண்டும் தொடங்குங்கள்.

நேரடியாக க்யூஎமு ஓட்டுபவர்கள் விர்ட்-ஐஓ-விஜிஏ-ஜிஎல் என்ற சாதனத்தையும், டிஸ்ப்ளேயில் ஜிஎல் ஆன் என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பெயரின் கடைசியில் ஜிஎல் இல்லாத சாதனம் 2டி மட்டும்தான்.

அலைவரி:
ஓடுகிறது, ரெண்டரர் விர்ஜிஎல். ஆனால் வேறு கணினியிலிருந்து விர்ட்-மேனேஜரை இணைத்தால் திரை வரவில்லை.

பின்னல்:
சாக்கெட் உள்ளூரில் மட்டும் என்பதன் விளைவு அது. தொலைவிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் ஈஜிஎல்-ஹெட்லெஸ் என்ற டிஸ்ப்ளேயைச் சேர்த்து, ஸ்பைஸில் ஓபன்ஜிஎல் டிக்கை எடுத்துவிடுங்கள். ஜிபியு வரையும், ஒவ்வொரு ஃபிரேமும் ரேமுக்கு நகலாகி விஎன்சி அல்லது ஸ்பைஸ் வழியாக வெளியே போகும். நகலெடுப்பதால் கொஞ்சம் வேகம் போகும், 3டி போகாது.

வேர்முனை:
இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று. கெஸ்டுக்குள் எக்ஸ்ஆர்டிபி அல்லது எஸ்எஸ்எச் போன்ற தொலை இணைப்பு வழியாக நுழைந்து ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ ஓட்டி, எல்எல்விஎம்பைப் வருகிறது என்று முடிவுக்கு வர வேண்டாம். அந்த அமர்வு மெய்நிகர் கார்டின் திரையில் ஓடுவதில்லை. விஎம் ஜன்னலுக்குள்ளேயே டெர்மினல் திறந்து பாருங்கள். செயலி ஃபிளாட்பேக்கிலோ ஸ்னாப்பிலோ வந்திருந்தால் அது தன் சொந்த மெசாவோடு வரும், கணினி முழுதும் ஒன்று சொல்ல, செயலி வேறொன்றில் ஓடலாம். பிளெண்டரில் ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபோவைச் சேமித்தால் அந்தச் செயலிக்கு எந்த ரெண்டரர் கிடைத்தது என்று தெளிவாக எழுதியிருக்கும். ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் எண்ணை வேகமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், அது பெரும்பாலும் திரையின் புதுப்பிப்பு வேகமான 60-இல் நிற்கும். வேகம் அளக்க ஜிஎல்மார்க்2 ஓட்டுங்கள்.

அலைவரி:
விர்ஜிஎல் விண்டோஸ் கெஸ்டுக்கும் கிடைக்குமா? வல்கன்?

பின்னல்:
விண்டோஸ் கெஸ்டுக்கு விர்ட்-ஐஓ-வின் தொகுப்பில் வருவது திரை டிரைவர் மட்டும்தான், 3டி இல்லை. கேவிஎம்-இல் விண்டோஸ் 3டி வேண்டும் என்றால் உலோகச்சிறகு எழுதிய பாஸ்த்ரூதான் வழி. விண்டோஸ் கெஸ்டுக்காகவே விஎம் என்றால் விஎம்வேரோ விர்ச்சுவல்பாக்ஸோ எடுப்பதில் குறைவில்லை.

வல்கன் லினக்ஸ் கெஸ்டுக்கு உண்டு, வீனஸ் என்ற பெயரில். க்யூஎமு 9.2-இல், 2024 டிசம்பரில் வந்தது. விர்ட்-ஐஓ-விஜிஏ-ஜிஎல் சாதனத்தில் ப்ளாப், வீனஸ் இரண்டையும் இயக்கி, ஹோஸ்ட்மெம் அளவையும் கொடுக்க வேண்டும். ஹோஸ்ட் கெர்னல் 6.13 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. கெஸ்டில் வல்கன்இன்ஃபோ ஓட்டி சாதனப் பெயரில் வீனஸ் வருகிறதா என்று பாருங்கள்.

நீலத்தும்பி:
விஎம்வேர் 17-க்கு மாற்றி, கம்பாட்டிபிலிட்டி 20 ஆக்கி, கிராபிக்ஸ் மெமரி 2 ஜிபி கொடுத்தேன். ரெண்டரர் எஸ்விஜிஏ3டி, பதிப்பு 4.3, பிளெண்டர் 4 திறக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 1 நகர்கிறது. வெளியே 4கே மானிட்டரை இணைத்து முழுத்திரையாக்கினால் மட்டும் கொஞ்சம் திணறுகிறது, மெமரியை மேலும் கூட்டலாமா?

இடைமுகம்:
மெமரி இல்லைங்க காரணம். 4கே ஃபிரேம் ஒண்ணு 3840×2160×4 பைட், கிட்டத்தட்ட 32 எம்பி. 2 ஜிபிக்கு அது ஒரு மூலை. ஆனா 1080-ஐவிட நாலு மடங்கு பிக்சல், வரையுற வேலையும் நாலு மடங்கு. கெஸ்ட் திரையை 2560×1440-னு வைங்க, இல்லேன்னா பிளெண்டர் பிரிஃபரன்ஸ்ல வியூபோர்ட்ல ஆன்டி-ஏலியாஸிங் சாம்பிளைக் குறைங்க. 4கேல டெஸ்க்டாப் ஸ்கேலிங்கை 125 அல்லது 150-னு வச்சிருந்தா அதை 100 அல்லது 200 ஆக்கிப் பாருங்க. முழு எண் இல்லாத ஸ்கேலிங்ல டெஸ்க்டாப் பெருசா வரைஞ்சு பிறகு சுருக்கலாம், அந்தச் சுமையும் ஜிபியு மேலதான் விழும்.

அலைவரி:
விர்ஜிஎல் விஎம்மை ஓடும்போதே சேவ் செய்ய முடியவில்லை, ஓடும் நிலையில் ஸ்னாப்ஷாட்டும் எடுக்கவில்லை. 3டி டிக்கை எடுத்தால் இரண்டும் நடக்கிறது.

பின்னல்:
அது கோளாறு இல்லை. கெஸ்டின் டெக்ஸ்சரும் ஷேடரும் ஹோஸ்ட் ஜிபியுவுக்குள் இருக்கின்றன, அவற்றை எழுதி வைத்துத் திரும்ப ஏற்றும் வழி விர்ஜிஎல்-இல் இன்னும் இல்லை. அதனால் சேவ் செய்வதையும், ஓடும் விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தும் மைக்ரேஷனையும் க்யூஎமு தடுத்துவிடுகிறது. விஎம்மை ஷட்டவுன் செய்துவிட்டு வட்டு ஸ்னாப்ஷாட் எடுங்கள், அது எப்போதும் நடக்கும். ஹோஸ்ட் ஷட்டவுன் ஆகும்போது கெஸ்டுகளைச் சஸ்பெண்ட் செய்யும்படி லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் அமைந்திருந்தால் அதையும் ஷட்டவுன் என்று மாற்றி வையுங்கள். இல்லையென்றால் ஹோஸ்டை அணைக்கும்போது சேவ் தோற்று, கெஸ்ட் மின்சாரம் போனது போல அறுபடும்.